ரெபேக்காளின் கிண்ணங்கள்

நவம்பர் 9, ஞாயிறு

இது அத்தான், என் வீட்டுக்காரர், வாங்கி வைத்த டைரி. ரைஸ்மில் கணக்கு எழுத வருஷா வருஷம் ஒன்று வாங்குவார்கள். மில்லும் இல்லை, அவர்களும் பிப்ரவரியில் கர்த்தரிடம் போய்விட்டார்கள். டைரி மட்டும் புதுக்கருக்குக் கலையாமல் கிடக்கிறது. வீணாக்குவானேன் என்று நான் எழுதுகிறேன். படபடப்பு வரும்போது மனசில் இருப்பதை எழுதிவிடுங்கள் என்று டாக்டரம்மாவும் சொன்னார்கள். மாத்திரையை விட இது விலை சகாயம்.

இன்றைக்குப் படபடப்புக்குக் காரணம் உண்டு. ஆராதனை முடிந்து செருப்பு மாட்டும்போது உபதேசியார் ஈசாக்கு வந்து நின்றார். "என்னம்மா, இந்த வருஷமும் விதவையருக்குச் சேலை உங்க வீட்டுதுதானே?" என்றார். "பின்ன? வேற யாரு வீட்டுது?" என்று வாய் சொல்லிவிட்டது. வாய்க்கு என்ன, சொல்லிவிடும். வீடு வரும்வரை கால் தரையில் பாவவில்லை.

அத்தானின் அப்பா, எங்கள் மாமா காலத்தில் ஆரம்பித்த ஊழியம் இது. கிறிஸ்மஸுக்கு முந்தின ஞாயிறு சபையில் உள்ள விதவைகள் எல்லாரையும் பேர் சொல்லி முன்னால் கூப்பிடுவார்கள். ஆளுக்கொரு சேலை. நாற்பது பேர் தேறும். "ரைஸ்மில் ஆசீர் குடும்பத்தார்" என்று எங்கள் போதகர் ஐயர் வாசிப்பார்கள். நானும் அத்தானும் ஆல்டர் பக்கத்தில் நின்று எடுத்து எடுத்துக் கொடுப்போம். கிறிஸ்மஸ் அதிகாலையில் நாற்பது பேரும் ஒரே மெரூன் சேலையில் பின்வரிசையில் உட்கார்ந்திருந்தால் பார்க்கக் கண் நிறைந்திருக்கும். பாடகர் குழு மாதிரி.

இந்த வருஷம் எப்படி என்று யோசிக்க வேண்டும். நாளைக்கு யோசிப்போம்.

நவம்பர் 11

ஃப்ரிட்ஜை அணைத்துவிட்டேன். ஒருத்திக்கு எதற்கு ஃப்ரிட்ஜ்? அது பாட்டுக்கு ராத்திரியெல்லாம் உறுமிக்கொண்டு கிடக்கிறது. பாலும் நிறுத்தியாயிற்று. பால் எனக்கு வாயு.

பக்கத்து வீட்டு ரெபேக்காள் மத்தியானம் சாளைமீன் குழம்பு கொண்டு வந்தாள். "எக்கா, கூடிப் போச்சு. கீழ ஊத்த மனசு வரல" என்றாள். பீடி சுற்றுகிறவள், பன்னிரண்டு வருஷமாக விதவை, ஒரே மகன் திருப்பூரில். இவளுக்கு இன்னும் அளவாகப் பொங்கத் தெரியவில்லை பாருங்கள். வாரத்தில் நாலு நாள் கூடிப்போகிறது. நான் திட்டினேன். சிரித்துக்கொண்டே போய்விட்டாள்.

குழம்பு நன்றாக இருந்தது. ராத்திரிக்கும் வைத்துக்கொண்டேன்.

நவம்பர் 15

ஜெபசிங் சென்னையிலிருந்து பேசினான். சேலை விஷயம் சொன்னேன். "எம்மா, அப்பாவே இல்ல. இனி எதுக்கும்மா அது? நிறுத்திருங்க" என்றான். எவ்வளவு சுலபமாகச் சொல்கிறான்! இருபத்தெட்டு வருஷம் இந்தக் கையால் கொடுத்திருக்கிறேன். நிறுத்தினால் ஊர் என்ன சொல்லும்? மில் போன கையோடு தர்மமும் போயிற்று என்று வாய்க்கு வாய் பேசும்.

"கைச்செலவுக்கு ஏதும் அனுப்பட்டுமா?" என்று கேட்டான். "எனக்கென்னலே குறை? அப்பா வச்சிட்டுப் போனது கெடக்கு" என்று சொன்னேன். அவனுக்கும் வீட்டு லோன், இரண்டு பிள்ளைகள். அத்தானின் டயாலிசிஸுக்கு என்னென்ன போயிற்று என்று அவனுக்கு முழுசாகத் தெரியாது. தெரிந்து என்ன ஆகப்போகிறது?

நவம்பர் 18

ரெபேக்காளின் கிண்ணம் நாலு என் அடுக்களையில் நிற்கிறது. வெறும் கிண்ணத்தைத் திருப்பிக் கொடுக்கிற பழக்கம் எங்கள் வீட்டில் கிடையாது. ஒரு பிடி சீனியாவது போட்டுத்தான் கொடுப்போம். சீனி வாங்கியதும் கொடுக்க வேண்டும்.

நவம்பர் 22

டவுனுக்குப் போனேன். கழுத்துச் சங்கிலி கனமாக இருக்கிறது, கழுத்து வலிக்கு ஆகாது, அதுதான் காரணம். நகைக்கடை வாசல்படியில் கால் வைக்கும்போது உள்ளே சபைப் பெண்கள் சங்கத்துக்காரி எஸ்தர் மகளுக்குக் கம்மல் பார்த்துக்கொண்டிருந்தாள். "என்ன டீச்சரம்மா தங்கச்சி, தனியா வந்திருக்கிய?" என்றாள். என் அக்காதான் டீச்சர். நான் அந்த அக்காவின் தங்கையாகவே காலம் தள்ளுகிறவள். "சும்மா, தண்ணி குடிக்க" என்று சொன்னேன். நகைக்கடையில் யாராவது தண்ணி குடிக்க வருவார்களா? அவர்களும் ஒரு தம்ளர் தந்தார்கள். குடித்துவிட்டுப் பஸ் ஏறினேன்.

சங்கிலி கழுத்தில்தான் இருக்கிறது.

நவம்பர் 30, ஞாயிறு

எனக்கு உடம்பெல்லாம் எரிகிறது. சிங்கப்பூர் எட்வின் பெண்சாதி பியூலா வீட்டுக்கே வந்துவிட்டாள், கையில் ஆப்பிள் வேறு. "அத்தை, இந்த வருஷம் சேலையை நாங்க ஏத்துக்கிடுதோம். உங்களுக்கு எதுக்குச் செரமம்?" என்கிறாள். சிரமமாம்! நேற்றுப் பெய்த மழையில் முளைத்த காளான், எங்கள் மாமா ஆரம்பித்த ஊழியத்தைத் தூக்கிக்கொண்டு போக வந்திருக்கிறது.

"எங்க வீட்டு ஊழியத்த நாங்க செஞ்சிக்கிடுவோம்" என்று சொல்லிவிட்டேன். ஆப்பிளையும் திருப்பிக் கொடுத்துவிட்டேன். அவள் போன பிறகு, ஆப்பிளையாவது வாங்கியிருக்கலாம் என்று தோன்றியது.

எங்கிருந்து செய்வேன்? ஆண்டவரே, எங்கிருந்து?

டிசம்பர் 3

இன்றைக்கு ஒன்றைப் பார்த்தேன். பார்க்காமல் இருந்திருக்கலாம்.

துணி காயப்போட மாடிக்கு ஏறினேன். ரெபேக்காள் வீட்டுப் பின்பக்கம் தெரிந்தது. குளிக்கிற இடத்துக்கு நாலு கம்பு நட்டு மறைப்புக் கட்டியிருக்கிறாள். மறைப்பு என்னவென்றால் நாங்கள் போன வருஷம் கொடுத்த மெரூன் சேலை. பக்கத்தில் விறகு மூடிக் கிடப்பது அதற்கு முந்தின வருஷத்துச் சேலை. விறுவிறு என்று இறங்கிப் போய்க் கேட்டேன்.

"ஏ ரெபேக்கா, நாங்க குடுத்த சேலை உனக்குக் குளிமறைப்புக்குத்தான் ஆச்சா?"

அவள் பீடித்தட்டைக் கீழே வைத்தாள். முகம் செத்துப்போயிற்று. "எக்கா, தப்பா நினைக்காதிய" என்றாள்.

"பின்ன எப்படி நினைக்கச் சொல்லுத?"

"மொத வருஷம் உடுத்துனேன்க்கா. கிறிஸ்மஸ் அன்னைக்கு நாப்பது பேரும் ஒரே கலர்ல பொறத்தால உக்காந்திருந்தோம். எம் மவன் அப்பம் சின்னப்பய. பக்கத்துப் பிள்ள எவனோ 'இதுவொதான் தர்மச்சேலைக்காரிக, எண்ணிக்கோ'ன்னு சொல்லியிருக்கான். இவன் வீட்டுல வந்து அழுதான். 'எம்மா, நீங்க அந்தக் கூட்டத்துல உக்காராதிய'ன்னு. அன்னையிலருந்து அத உடுத்தல. வேண்டாம்னு சொல்லவும் முடியாதுல்லா? ஐயரு பேரு வாசிச்சிட்டாவன்னா போயி வாங்கித்தான் ஆவணும்."

ஒரே கலர் எடுத்ததற்குக் காரணம் சொன்னேன். ஒருத்திக்கு நல்லதும் ஒருத்திக்கு மட்டமும் ஆகிவிடக் கூடாது என்றுதான். ஒரே பேலாக, மொத்தக் கட்டாக எடுத்தால் ஜவுளிக்கடையில் விலையும் தட்டிக் கொடுப்பான். எல்லாம் நல்ல எண்ணம்தான்.

"நல்ல எண்ணம்தான்க்கா, யாரு இல்லன்னா?" என்றாள். பீடித்தட்டை மறுபடி மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள். நானும் வந்துவிட்டேன்.

டிசம்பர் 4

பாடகர் குழு மாதிரி என்று நானே எழுதியிருக்கிறேன். பக்கத்தைப் புரட்டிப் பார்த்தேன். வெட்கமாக இருக்கிறது. கோபமாகவும் இருக்கிறது. யார் மேல் என்று தெரியவில்லை.

டிசம்பர் 7, ஞாயிறு

உபதேசியார் இன்றைக்குச் சேலைச் சீட்டுக் கொடுக்க ஆரம்பித்திருக்கிறார். சபை முத்திரை போட்ட அட்டைத் துண்டு. அவரே விதவைகள் வீடு வீடாகப் போய்க் கொடுப்பார். சீட்டோடு வந்தால்தான் சேலை.

மூன்று தடவை என் வாசலைக் கடந்து போனார். முதல் தடவை கிழக்கே பார்த்துக்கொண்டு. இரண்டாவது தடவை கேட்டருகில் நின்று, செருப்பில் முள் பார்த்தார். முள் ஒன்றும் இல்லை. மூன்றாவது தடவை உள்ளே வந்து தண்ணீர் கேட்டார். கொடுத்தேன். குடித்தார். கை சட்டைப்பைக்குப் போயிற்று, திரும்பி வந்தது. "வேற ஒண்ணுமில்லம்மா" என்று சொல்லிவிட்டுப் போனார்.

சபையில் விதவையானவர்கள் எல்லாருக்கும் சீட்டு உண்டு. இருக்கிறவள் இல்லாதவள் என்று மாமா பிரிக்கவில்லை. பிப்ரவரியிலிருந்து நானும் அதில்தான் சேர்த்தி. இந்தக் கணக்கு இன்றைக்கு அவர் தண்ணீர் குடிக்கும்போதுதான் எனக்கு உறைத்தது.

நல்லவேளை, கொடுக்கவில்லை. கொடுத்திருந்தால் முகத்தில் விட்டெறிந்திருப்பேன்.

பிறகு ஏன் அவர் போன திசையைப் பார்த்துக்கொண்டே நின்றேன் என்று தெரியவில்லை.

டிசம்பர் 8

முடிவு செய்துவிட்டேன். சங்கிலியை விற்பேன். நாற்பது சேலையும் நாற்பது கலரில் எடுப்பேன். ஊர் வாயை மூடிவிடலாம். அப்புறம் ஜனவரியில் என்ன செய்வது என்று ஜனவரியில் பார்த்துக்கொள்ளலாம்.

படபடப்பு நிற்கவில்லை. மாத்திரையைப் பாதியாக உடைத்துப் போடுகிறேன். முழுசாகப் போட்டால் தூக்கம் தூக்கமாக வருகிறது.

டிசம்பர் 11

ஒரு வாரமாக ரெபேக்காள் வரவில்லை. குழம்பும் வரவில்லை. கோபமாகத்தான் இருப்பாள். நான் அப்படிக் கேட்டிருக்கக் கூடாது. போய்ப் பார்க்கலாம் என்றால் வெறுங்கையோடு எப்படிப் போவது? கிண்ணங்கள் ஏழு சேர்ந்துவிட்டன. சீனி வாங்கவில்லை.

காலையிலிருந்து வாசலுக்கும் உள்ளுக்கும் நடக்கிறேன். பசிக்கிறது. எழுதிவிட்டேன். எழுதினால் என்ன, யார் பார்க்கப் போகிறார்கள்? பசிக்கிறது.

அதே நாள், சாயங்காலம்

போனேன்.

ரெபேக்காளுக்குக் காய்ச்சல். கதவைச் சாத்தாமல் சுருண்டு கிடந்தாள். தலைமாட்டில் காலையில் வைத்த கஞ்சி, பானையோடு. பானைக்குள்ளேயே கை விட்டு அள்ளிக் குடித்திருக்கிறாள். மோவாயெல்லாம் கஞ்சி காய்ந்திருந்தது. துடைத்துவிட்டேன்.

"ஏட்டி, ஒரு கிண்ணத்துல ஊத்திக் குடிக்கக் கூடாதா?" என்று திட்டினேன்.

"கிண்ணம் எங்கக்கா இருக்கு? எல்லாம் உங்க வீட்டுலல்லா கெடக்கு" என்றாள். குறையாகச் சொல்லவில்லை. காய்ச்சலில் உண்மை வந்துவிட்டது, அவ்வளவுதான்.

"கேட்டு வாங்கியிருக்கலாம்ல?"

"கேட்டா நீங்க சங்கடப்படுவிய."

அலமாரியைப் பார்த்தேன். காலியாக இருந்தது. அடுப்பில் குழம்புச்சட்டி கவிழ்த்து வைத்திருந்தது. எடுத்துப் பார்த்தேன். என் இரண்டு கைக்குள் அடங்கிவிட்டது. ஒருத்திக்கே சரியாகக் காணாத சட்டி. இந்தச் சட்டியில்தான் வாரத்தில் நாலு நாள் கூடிப் போயிருக்கிறது.

"ரெபேக்கா, இதுலயாட்டி கூடிப் போச்சு?" என்று கேட்டேன். அவள் கண்ணை மூடிக்கொண்டாள். தூங்குகிற மாதிரி கிடந்தாள். தூங்கவில்லை, எனக்குத் தெரியும்.

நானும் இத்தனை நாள் அப்படித்தான் கண்ணை மூடிக்கொண்டு கிடந்தேன். ஃப்ரிட்ஜ் உறுமுகிறது, பால் வாயு, சங்கிலி கனம். ஐயோ, என்னென்ன எழுதி வைத்திருக்கிறேன்! கையில் ஒன்றுமில்லை. ஆகஸ்டிலிருந்தே இல்லை. பீடி சுற்றிப் பிழைக்கிறவள் தன் வாய்ச்சோற்றில் பாதியை எனக்குக் கொண்டு வந்தாள். ஐயரை வைத்துப் பேர் வாசிக்கவில்லை. என்னை முன்னால் வந்து நிற்கச் சொல்லவில்லை. திட்டு வாங்கிக்கொண்டு கொடுத்துவிட்டுப் போனாள். நான் அவள் தட்டுமுட்டைப் பிடித்து வைத்துக்கொண்டு, வெறும் கிண்ணம் கொடுக்கிற பழக்கம் எங்கள் வீட்டில் இல்லை என்று பெருமை பேசினேன்.

அழுதேன். நன்றாகச் சத்தம் போட்டே அழுதேன்.

டிசம்பர் 12

இருந்த அரிசியைக் கஞ்சி வைத்து, காணப்பயறுத் துவையல் அரைத்துக் கொண்டுபோனேன். ஏழு கிண்ணத்தையும் கொண்டுபோனேன். இரண்டில் கஞ்சியும் துவையலும், மிச்சம் ஐந்தும் வெறுமையாக. வைத்துவிட்டு நின்றேன்.

"சீனி இல்ல ரெபேக்கா" என்றேன்.

"இருந்தா மட்டும்? எனக்குத்தான் சக்கர வியாதில்லா" என்றாள். இரண்டு பேரும் சிரித்தோம். அவளுக்கு இருமல் வந்துவிட்டது.

ஜெபசிங்குக்குப் போன் போட்டுச் சொல்லிவிட்டேன். எல்லாவற்றையும். அவன், "ஏம்மா இப்படிச் செஞ்சிய?" என்று அழுதான். பிள்ளையை அழவைத்துவிட்டேன். ஆனாலும் மனசு லேசாக இருக்கிறது. மாத்திரையை முழுசாகப் போட்டேன்.

டிசம்பர் 13

பியூலா வீட்டுக்குப் போனேன். "சேலைய நீங்களே ஏத்துக்கிடுங்க, எனக்கு இயலல" என்று சொல்ல ராத்திரி முழுக்க ஒத்திகை பார்த்திருந்தேன். சொல்லும்போது பாதிதான் வந்தது. அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். பிள்ளை நல்ல பிள்ளைதான். காளான் என்று எழுதியதை அடித்துவிட வேண்டும்.

"ஆனா ஒரு காரியம் பியூலா. சேலைய நீ எடுக்காத. சீட்டக் கொண்டுபோனா அவங்கவங்களே கடையில எடுத்துக்கிடட்டும். ஒரே விலைக்குள்ள, பிடிச்ச கலர்ல."

"அப்பம் சர்ச்சுல குடுக்கது?"

"சர்ச்சுல குடுக்காண்டாம்."

முகம் வாடிவிட்டது அவளுக்கு. "அத்தை, அவரு சிங்கப்பூர்லருந்து அதுக்காவல்லா லீவு போட்டு வாராவ? போட்டோக்காரனுக்கும் சொல்லியாச்சு. கடையில போயி எடுத்துட்டா, நாங்க குடுத்ததுன்னு யாருக்குத் தெரியும்?"

"யாருக்கும் தெரியாது" என்றேன். "எந்தச் சேலை தர்மச்சேலைன்னும் யாருக்கும் தெரியாது."

ரெபேக்காளின் மகன் அழுததைச் சொன்னேன். பேர் சொல்லவில்லை, ஒரு பையன் என்று மட்டும். பிறகு என்னை அறியாமல், "நானும் இந்த வருஷம் அதுல ஒருத்தி பாத்துக்கோ" என்றும் வந்துவிட்டது. "அவர்ட்ட கேட்டுச் சொல்லுதேன்" என்றாள். ஆப்பிள் கொடுத்தாள். வாங்கிக்கொண்டேன்.

டிசம்பர் 15

பியூலாவிடமிருந்து பதில் இல்லை. கெடுத்துவிட்டேனோ? கோபித்துக்கொண்டு ஒன்றுமே கொடுக்காமல் விட்டுவிட்டால்? நாற்பது பேரும் என்னைத்தானே சபிப்பார்கள்? கையைப் பிசைந்துகொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

டிசம்பர் 16

சரி என்றுவிட்டார்கள். எட்வின் பேரை ஐயர் கிறிஸ்மஸ் அன்றைக்கு ஒரே ஒரு தடவை வாசிக்க வேண்டுமாம், அவ்வளவுதான். வாசிக்கட்டும். மனுஷனுக்கு அந்த ஆசை கூடவா இருக்கக் கூடாது? எனக்கு இருபத்தெட்டு வருஷம் இருந்ததே.

சாயங்காலம் உபதேசியார் வாசலைக் கடந்து போனார். நானே கூப்பிட்டேன்.

"உபதேசியாரே, எனக்குள்ள சீட்டு எங்க?"

அவர் சட்டைப்பையிலிருந்து எடுத்தார். வியர்வையில் முத்திரை கலங்கியிருந்தது. "அன்னைலருந்து பையிலயேதாம்மா கெடக்கு. குடுக்கவும் தைரியமில்ல, திருப்பிக் குடுக்கவும் மனசு இல்ல" என்றார். பாவம் அவர். எனக்கு வந்த படபடப்பு அவருக்கும் வந்திருக்கிறது.

டிசம்பர் 20

ஜவுளிக்கடைக்கு நானும் ரெபேக்காளும் போனோம். கடைக்காரர் என்னைக் கண்டதும் எழுந்து வந்தார். "வாங்கம்மா, வாங்க! அந்த மெரூன் புதுசா பேல் வந்திருக்கு. வழக்கம்போல நாப்பதுதானே?"

கடை நிறைய ஆள். எஸ்தரும் நின்றாள். என் காதெல்லாம் சூடாகிவிட்டது.

"ஒண்ணு போதும்" என்றேன். "எனக்குத்தான்." சீட்டை எடுத்து மேஜையில் வைத்தேன்.

அவர் சீட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு விசிறியை என் பக்கம் திருப்பி வைத்தார்.

பழக்கதோஷம், மட்டமானதாக ஒன்றை எடுத்துவிட்டேன். ரெபேக்காள் பிடுங்கிப் போட்டாள். "தர்மத்துக்கு எடுக்க மாதிரி எடுக்காதியக்கா. உடுத்துக்கிடதுக்கு எடுங்க." அவள் தனக்குக் கத்தரிப்பூக் கலரில் ஒன்று எடுத்தாள். அதை எடுப்பதற்குள் கடையையே தலைகீழாகப் புரட்டிவிட்டாள். வெளிச்சத்தில் பிடித்து, தோளில் போட்டு, கண்ணாடியில் பார்த்து, மறுபடி வைத்து! கடைப்பையன் ஓய்ந்துபோனான். பன்னிரண்டு வருஷத்துக்கும் சேர்த்து எடுத்தாள் என்று நினைக்கிறேன்.

டிசம்பர் 25

அதிகாலை ஆராதனை. எட்வின் பேரை ஐயர் வாசித்தார்கள். அந்த இடத்தில் எங்கள் பேர் இல்லாதது வலிக்கத்தான் செய்தது. வலிக்கவில்லை என்று எழுதினால் பொய். அத்தான் இருந்திருந்தால் தொண்டையைச் செருமிக்கொண்டு நிமிர்ந்து நின்றிருப்பார்கள்.

பிறகு திரும்பிப் பார்த்தேன். பின்வரிசையில் மெரூன் கூட்டம் இல்லை. சபை முழுக்கத் தேடினேன். யார் சேலை யார் கொடுத்தது என்று எனக்கே தெரியவில்லை. கத்தரிப்பூச் சேலை மட்டும் தெரிந்தது. அது என் பக்கத்தில்தான், நடுவரிசையில் உட்கார்ந்திருந்தது. திருப்பூரிலிருந்து மகன் வந்திருக்கிறான். ஆண்கள் பக்கத்திலிருந்து அவன் அம்மாவைப் பார்த்துக்கொண்டே இருந்தான்.

மத்தியானம் ரெபேக்காள் ஒரு கிண்ணம் கறிக்குழம்போடு வந்தாள்.

"என்னட்டி, கூடிப் போச்சோ?" என்று கேட்டேன்.

"இல்லக்கா. உங்களுக்குன்னுதான் வச்சேன்."

குழம்பை என் சட்டியில் ஊற்றினேன். கிண்ணத்தைக் கழுவித் துடைத்து, ஒன்றும் போடாமல், அப்போதே அவள் கையில் கொடுத்தேன். அவளும் வாங்கிக்கொண்டாள்.